விரால் ஜிக்குக்கு முயல்தோல் வால்: மூன்று தோல்களின் கணக்கு

மார்கழி, முதல் வாரம்

ஈயத்தலை ஜிக், அதாவது கொக்கியின் கழுத்தில் ஈயத்தில் தலை வார்த்து வால் கட்டிய பொய் இரை, வார்க்கப் பழகி ஒரு வருடம் ஆகிறது. தலை நன்றாக வருகிறது, வால்தான் வாய்க்கவில்லை. ரப்பர் வாலைக் கண்மாய் விரால் இரண்டே கடியில் துண்டாக்கிவிடுகிறது. கோழி இறகைக் கட்டினால் தண்ணீரில் ஈர்க்குச்சிபோல் விறைத்து நிற்கிறது. முயல்முடி அப்படியில்லை. நீளமான வெளிமுடிக்கு அடியில் பஞ்சாக உள்முடி இருப்பதால், ஜிக் சேற்றில் சும்மா கிடந்தாலும் வால் அலைந்துகொண்டே இருக்கும். தோலோடு சேர்த்து நாடாவாக வெட்டிய பட்டையை ஸாங்கர் என்கிறார்கள். 1970களில் அமெரிக்காவில் டான் பைஃபர்ட் என்பவர் கட்டிய தூண்டில் ஈயின், அதாவது கொக்கியில் முடி கட்டிச் செய்த பொய் இரையின், பெயர் அது. பிறகு பட்டைக்கே ஒட்டிக்கொண்டது.

காரைக்குடிக்கு வெளியே முயல் பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் தோல் கேட்டேன். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். காட்டு முயல் என்று நினைத்திருப்பார்கள். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. அதன் பக்கமே போகக்கூடாது. எனக்கு வேண்டியது கறிக்காகக் கூண்டில் வளரும் முயலின் தோல், எப்படியும் குப்பைக்குப் போவது.

முதல் தோல் பிளாஸ்டிக் பையில் வந்தது. மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பையோடு திண்ணையில் வைத்துவிட்டேன். மாலையில் முடியைப் பிடித்து இழுத்தால் கைப்பிடி கைப்பிடியாக வந்தது. உரித்த சூட்டோடு உப்புப் போடாவிட்டால் முடியின் வேர் அழுகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அரை நாள் போதும். அதைத் தென்னைக்கு அடியில் புதைத்தேன்.

மார்கழி, மூன்றாம் வாரம்

இரண்டாவது தோலைப் பண்ணையிலேயே உப்புத் தடவி வாங்கினேன். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம். 4 லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ உப்பு, கால் கிலோ படிகாரம். இது நான் எடுத்துக்கொண்ட அளவு. இரண்டு நாள் ஊறியதும் உட்புறச் சவ்வு வெளுத்துத் தடித்து, நகத்தால் நெம்பினாலே உரிந்து வந்தது. பச்சையாக இருக்கும்போது கத்தியால் சுரண்டப் போய் இரண்டு ஓட்டை போட்டதுதான் மிச்சம். சவ்வை எடுத்த பின் திரும்பவும் ஒரு வாரம் ஊறவிட்டேன்.

தோல் காயும் நேரத்தில்தான் வேலை. முழுக்கக் காய்ந்துவிட்டால் அப்பளம். ஈரம் அதிகம் இருக்கும்போது இழுத்தால் கிழியும். அரை ஈரத்தில், நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் போட்டு முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். இழுத்த இடம் பால்போல் வெளுத்து மெத்தென்று ஆகும். நடுவில் முட்டை மஞ்சள் கருவைக் கொஞ்சம் வெந்நீரில் அடித்துத் தடவினேன்; தோலுக்குள் எண்ணெயை இறக்க அது பழைய வழி. எங்கள் வட்டார வீடுகளின் சுவர்களுக்கு ஒரு காலத்தில் வெள்ளைக் கருவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் பூசினார்கள். மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்ற கேள்வி இப்போதுதான் எனக்கு வருகிறது.

பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தம்பி, உங்கள் வளவில் என்ன வாடை?"

"தோல் பதப்படுத்துகிறேன் ஆச்சி. மீனுக்கு."

"மீனுக்கு எதற்குத் தோல்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

தை 4

வெட்டும் நாள். தலைப்பக்கத்தைக் கிளிப்பால் கதவில் மாட்டி, கீழ்நுனியை இடது கையில் இறுக்கிப் பிடித்து, தோல் பக்கத்திலிருந்து பிளேடு. தோல் மட்டும் அறுபட வேண்டும், முடியில் பிளேடு படக்கூடாது. அதனால் மேசைமேல் வைத்து வெட்டக்கூடாது; முடிக்குப் பின்னால் வெற்றிடம் இருக்க வேண்டும். கத்தரிக்கோலை நினைத்தே பார்க்காதீர்கள், பட்டையின் இரண்டு ஓரமும் மொட்டையாகிவிடும்.

ஒரே அகலம் வேண்டுமே என்று இரண்டு பிளேடுகளுக்கு நடுவே இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் செருகிக் கட்டினேன். ஏறக்குறைய 3 மி.மீ. வந்தது. ஒரு சாண் போனதும் நடுவில் முடி அடைத்துக்கொண்டு தோல் கிழிந்தது. பந்துமுனைப் பேனாவால் கோடு போட்டு ஒற்றைப் பிளேடுக்குத் திரும்பினேன். கோணல் இருக்கிறது, விரால் அளவுகோல் கொண்டு வராது.

தலையிலிருந்து வால்பக்கம் நோக்கி, முடி படிந்திருக்கும் திசையிலேயே வெட்டினால் வாலுக்கான பட்டை. குறுக்கே வெட்டினால் முடி பட்டைக்குக் குறுக்காக நிற்கும். ஜிக்கின் கழுத்தில் சுற்ற அதுதான் சரி, சுற்றச் சுற்ற முடி பின்னோக்கிப் படியும். முதல் ஜிக்கில் வால்பட்டையைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். தண்ணீரில் இழுத்தபோது நனைந்த பூனை சிலிர்த்ததுபோல் இருந்தது.

முற்றத்து அண்டாவில் தண்ணீர் நிரப்பிச் சரியாகக் கட்டியதை இழுத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் இழுத்திருப்பேன். வயது நினைவுக்கு வந்து நிறுத்தினேன்.

தை 6

அண்டாவில் அப்படி ஆடிய வால் காய்ந்த பிறகு ஆணிபோல் நிற்கிறது. மறுபடி நனைத்தால் வெளிமுடி அசைகிறது, தோல் வளையவில்லை. வால் மொத்தமும் குச்சி.

காரணம் படிகாரமேதான். அது தோலை வெள்ளையாகவும் மென்மையாகவும் ஆக்கும். ஆனால் தோலோடு நிலையாகப் பிணைவதில்லை. தண்ணீரில் ஊறினால் கரைந்து வெளியேறிவிடும், மிஞ்சுவது பச்சைத்தோல். கைப்பை செய்ய இந்தத் தோல் போதும். தண்ணீரிலேயே கிடக்கப் போகும் ஜிக்குக்கு உதவாது. இத்தனை நாளும் முடியின் அடர்த்தியை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேனே, வாலை ஆட்டுவது தோல் என்பது அப்போதுதான் உறைத்தது.

தண்ணீருக்குத் தாங்குவது மரப்பட்டைத் துவர்ப்பு. திண்டுக்கல் பக்கத்துத் தோல் பதனிடுபவர்களுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பழகிய சரக்கு. ஆவாரை எங்கள் செம்மண்ணில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறது. கடுக்காய் அதே நாட்டு மருந்துக் கடையில்.

தை, மூன்றாம் வாரம்

மூன்றாவது தோல், நண்பர் பண்ணையில் குட்டி போட்டு ஓய்ந்த சாம்பல்நிறத் தாய்முயலுடையது. முன்னது கறிக்கு வளர்த்த 12 வார முயல். தோல் காகிதம்போல் மெலிந்து, முடியும் முதிராமல் இருந்தது. வாங்கும்போதே உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நிறமுள்ள முயலில் கருந்திட்டு தெரிந்தால் அங்கே முடி இப்போதுதான் முளைக்கிறது என்று பொருள். அந்த இடத்து முடி நீளம் ஒத்து வராது. வயிற்றுப் பக்கம் பட்டுதான், ஆனால் வெட்டும்போதே இழுபட்டு நெளியும். முதுகின் நடுவில் தோல் தடிப்பு. விலாப்பக்கம்தான் எனக்கு வாய்த்தது.

படிகாரத்துக்குப் பிறகு ஆவாரம்பட்டை, கடுக்காய்க் கஷாயம். முதலில் தேநீர் நிறத்தில் நீர்த்தது மூன்று நாள், பிறகு கெட்டியானது நான்கு நாள். எடுத்த எடுப்பில் கெட்டியாக விட்டால் தோலின் மேல்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே துவர்ப்பு இறங்காது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டு சரியாகவே செய்தேன். செய்த தவறு வேறு: கெட்டிக் கஷாயத்தை இரும்பு வாளியில் ஊற்றினேன். விடிந்து பார்த்தால் வாளி நிறைய எழுதுமை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது சாயக்காரர்களுக்குத் தெரிந்த பாலபாடம். தோலில் பாதி கருஞ்சாம்பலாகிவிட்டது, மீதி மங்கிய மஞ்சள் பூத்த சாம்பல்.

மாசி 2

பட்டையை எட்டு முறை நனைத்து எட்டு முறை காயவைத்தேன். லேசாக விறைக்கிறது, விரலால் ஒரு முறை கசக்கினால் இளகிவிடுகிறது. நுனியை உட்புறத்திலிருந்து பிளேடால் சீவிக் கூராக்கியபின் ஆட்டம் இன்னும் கூடியது. கட்டும் இடத்தில் முடியை எச்சில் தொட்டு இருபுறமும் பிரித்துவிட்டு, வெறும் தோல்மேல் நைலான் நூலை இறுக்கி, நகப்பூச்சால் முடித்தேன்.

ஊருணியில் தூண்டில் போடுவதில்லை. அது குடிக்கிற தண்ணீர். மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டுக் கண்மாய்க்குப் போனேன். 7 கிராம் தலை, கறுத்துப்போன பட்டை. நனைந்த முயல்முடி தண்ணீரைக் குடித்துக் கனப்பதால் வீச்சு நன்றாகப் போனது. விழும் வேகமும் ரப்பர் வாலைவிட நிதானம். மூன்று முறை வால் கொக்கியின் வளைவில் சுற்றிக்கொண்டது. நான்காவதில் தாமரை இலைக்கு ஓரமாக ஒரு இழுப்பு. சுண்டினேன். நூல் தளர்ந்தது. எடுத்துப் பார்த்தால் நுனியில் இரண்டு விரற்கடை காணவில்லை, கொக்கிவரை மீன் வரவேயில்லை.

வாலைக் கொக்கி நீளத்தில் ஒன்றரை மடங்குக்குக் குறைத்துப் புதிதாக நான்கு கட்டியிருக்கிறேன். இரண்டு கறுப்பு, இரண்டு சாம்பல். வாளியைத் தேய்த்துத் தேய்த்து இன்னும் கறுப்பு போகவில்லை.