ட்ராக்குக்குப் போகும் காரில் முதலில் எங்கே கை வைப்பது

ட்ராக் டேவுக்கு (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) கார் தயார் செய்து தரச் சொல்லி பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் பேசுவது பெரும்பாலும் பவரைப் பற்றித்தான். "அண்ணா, ஈசியூ ட்யூன் பண்ணி எக்ஸாஸ்டும் மாத்திட்டா எவ்வளவு கூடும்?" என்று ஆரம்பிப்பார்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு நினைவு இருக்காது. தினமும் வேலைக்குப் போய்வரும் காரில் அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாததில் தப்பில்லை, ஆனால் அதே காரை மூடிய ட்ராக்கில் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் விரட்டப்போகிறோம் என்றால் மற்ற எல்லாப் பேச்சும் அதற்கு அப்புறம்தான்.

காரணம் வெப்பம். ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் இருந்து முழுதாக நிறுத்துவதும், 160இல் இருந்து 60க்குக் குறைப்பதும் கேட்க ஒன்றுபோலத் தோன்றும், இரண்டிலும் குறைவது 100தானே. ஆனால் இரண்டாவதில் பிரேக் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) இறங்கும் வெப்பம் முதலாவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சாலையில் அப்படி ஒருமுறை மிதித்தால் அப்புறம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல இடங்களில் அதேதான், அடுத்த சுற்றிலும் அதேதான். கம்பெனியில் இருந்து வந்த பிரேக் மோசமானதில்லை, அது இந்த வேலைக்காகச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறி. டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று விதி, ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது வெறும் 155. டாட் 5.1இல் இவை 260, 180. ட்ராக்குக்கென்றே விற்கிற ஆயில்கள் புதிதில் 300ஐத் தாண்டும். ஆயில் கொதித்தால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் ஆவிக் குமிழ் உண்டாகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம், அதனால் நாம் மிதிக்கிற பலமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோய் பெடல் தரைவரைக்கும் இறங்கிவிடுகிறது. நேர்ப்பாதையின் முடிவில் இப்படி நடப்பதைவிடப் பயங்கரமான ஒன்றை ட்ராக்கில் நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் ட்ராக் டேவுக்கு முன்னால் ஆயில் முழுக்க மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை எடுக்காமல் எந்த வண்டியையும் நான் வெளியே விடுவதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: டாட் 5 என்பது சிலிக்கான் வகை, 5.1க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எண் பெரியதாக இருக்கிறதே என்று வாங்கி வந்து பழையதோடு கலந்துவிடாதீர்கள்.

அடுத்தது பேட், அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை. சாலைக்கான பேட் ஓர் அளவு வெப்பத்துக்கு மேல் பிடிப்பை விட்டுவிடும். எது போனது என்று ஓட்டுகிறவருக்குக் கால் சொல்லிவிடும். பெடல் கெட்டியாகவே இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் சூடேறிவிட்டது, பெடலே மெத்தென்று உள்ளே போனால் ஆயில். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலர் ஆயில் பிரச்சினை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் காற்று எடுக்கச் சொல்லி வருவார்கள். வளைவுகளில் தேய்ந்த வீல் பேரிங் ஆடும், டிஸ்க் லேசாகச் சாய்ந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி தூரம் சும்மா போய் அப்புறம்தான் பிடிக்கும். இரண்டாவது மிதியில் சரியாகிவிடும். பேரிங்கை மாற்றாமல் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் இது போகாது.

ட்ராக் பேட் போட்டால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சூடானால்தான் முழுசாகப் பிடிக்கும். ட்ராக்குக்குப் போகிற வழியில், காலைக் குளிரில், முதல் சிக்னலில் அது பழைய பேட் அளவுக்கு நிறுத்தாது. அதனால் அங்கே போய்ச் சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன், அல்லது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வகையாகப் பார்த்து, கொஞ்சம் நிதானமாக ஓட்டச் சொல்வேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்பார்: "இதை மாத்தினா பாரம் எங்க போகுது?" இதைவிட உருப்படியான ஒரு கேள்வியை இந்தத் தொழிலில் நான் கேட்டதில்லை. காரைச் செய்தவர்கள் பிரேக், டயர், சீட், பெல்ட், ஏர்பேக் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் பலமாக்கினால் அதன் பாரம் அடுத்ததன் தலையில் போய் உட்காரும்.

இதை நான் அதிகம் பார்ப்பது பெல்ட் விஷயத்தில். ரேஸ் காரில் இருப்பதுபோல ஹார்னஸ் (இரண்டு தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்) வேண்டும் என்று ஆசைப்பட்டு, கம்பெனி சீட்டிலேயே நாலுமுனை பெல்ட்டை மாட்டி, தோள்பட்டைப் பட்டைகளைப் பின்சீட் பெல்ட்டின் கீழ்க் கொக்கியில் கட்டிக்கொண்டு வருவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டைகள் தோளில் இருந்து செங்குத்தாகக் கீழே இறங்குகின்றன, மோதும்போது உடம்பு முன்னால் பாய, பட்டை தோளைக் கீழ்நோக்கி இழுக்கும், அந்த விசை முழுக்க முதுகெலும்பில் இறங்கும். பட்டை ஏறக்குறையக் கிடைமட்டமாக, பின்னால் 20 டிகிரிக்குள் சரிந்து போக வேண்டும், அதற்காகச் சீட்டுக்குப் பின்னால் அந்த உயரத்தில் ஒரு கம்பி இருக்க வேண்டும். அதோடு தொடைகளுக்கு நடுவில் வரும் பட்டை இல்லாத ஹார்னஸில் தோள்பட்டை இழுக்கிற இழுப்பில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், உடம்பு அதன் அடியில் நழுவும். இடுப்பெலும்பு தாங்க வேண்டியதைக் குடல் தாங்கும். இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், மாறட்டும் என்றுதான் சொல்வது.

இன்னும் இருக்கிறது. ஹார்னஸ் உடம்பைச் சீட்டோடு நிமிர்த்திக் கட்டிவிடுகிறது, தலை மட்டும் கட்டப்படவில்லை. பெரிய மோதலில் ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்து தலை முன்னால் பாயும்போது கழுத்தும் மண்டையோட்டின் அடிப்பகுதியும்தான் அதைத் தாங்க வேண்டும். 2001 டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அமெரிக்கப் பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். தலையைத் தோளோடு இணைத்துப் பிடிக்கும் ஹான்ஸ் கருவியை ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே உருவாக்கிவிட்டார்கள், ஆனாலும் 2003இல்தான் ஃபார்முலா ஒன்னில் அது கட்டாயமானது. கார் கவிழ்ந்தால் இன்னொரு சிக்கல்: சாதாரண மூன்றுமுனை பெல்ட்டில் உடம்பு கொஞ்சம் சாய இடம் இருக்கிறது, ஹார்னஸில் இல்லை, கூரை அமுங்கினால் தலைக்கு ஒதுங்க வழியே கிடையாது. ஆகவே ஹார்னஸ் என்றால் சரியான பக்கெட் சீட் (உடம்பைப் பக்கவாட்டிலும் பிடிக்கும் சீட்), ரோல் பார் (கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும் கம்பி), ஹான்ஸ், எல்லாம் ஒரே சேர வர வேண்டும். அதற்கு மனமோ பணமோ இல்லையென்றால் கம்பெனி பெல்ட்டும் கம்பெனி சீட்டும் ஏர்பேக்கும் இருந்தபடியே இருக்கட்டும். அவை ஒன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை. இதை நான் மனதாரச் சொல்கிறேன், வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

காருக்குள் கூண்டுபோல இரும்புக் குழாய் வைக்கும் ரோல் கேஜும் அப்படித்தான். ஹெல்மெட்டோடு இருக்கும்போது உயிரைக் காக்கும் அதே இரும்புக் குழாய், ஹெல்மெட் இல்லாமல் மறுநாள் கடைக்குப் போகும்போது தலைக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கும் ஆபத்து. சாலையிலும் ஓட்டுகிற காருக்கு முழுக் கேஜ் வேண்டாம் என்பதே என் கருத்து. சீட்டை மாற்றும்போது பக்கவாட்டு ஏர்பேக்கும் சீட்டோடு போய்விடும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த விளக்கை மட்டும் அணைக்க ஒரு ரெசிஸ்டர் வைத்துத் தரச் சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் செய்து தருவதில்லை.

ஹெல்மெட் வாங்கும்போது, ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையில் எஸ்ஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம் என்பது பைக்குக்கு, அதில் தீயைத் தாங்கும் சோதனை கிடையாது.

டயருக்கு வருவோம். ஒட்டும் டயர் போட்டால் சுற்று நேரம் குறையும், சரி, பாரம் எங்கே போகிறது? வளைவில் கார் அதிக விசையோடு திரும்புகிறது, நீண்ட வளைவில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் இன்ஜின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, உறிஞ்சும் குழாய் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. இன்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்கைக் காப்பது அந்த மெல்லிய ஆயில் படலம்தான், அது ஒரு நொடி அறுந்தாலும் பேரிங் உரசும். சாலை டயரில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடிய இன்ஜின் நல்ல டயர் போட்ட பிறகு உடைந்து வருவது இதனால்தான். ஆயில் அளவு மேல்கோட்டில் இருக்க வேண்டும், தடுப்புத் தகடு வைத்த சம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. இன்ஜின் உடைந்தால் உங்கள் பணம் மட்டும் போவதில்லை, ட்ராக்கில் கொட்டும் ஆயிலில் பின்னால் வருகிறவர் வழுக்குவார். அவருக்காகவாவது ஹோஸ், கிளிப், ஆயில் ஃபில்டர் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காற்றழுத்தத்தைக் காலையில் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 5 முதல் 6 டிகிரி செல்சியஸுக்கு, ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ என்ற கணக்கில் அது ஏறும், குளிர்ந்தபோது 32 வைத்தது சில சுற்றுகளில் 38ஐத் தாண்டலாம். சூடாக உள்ளே வந்தவுடன் அளந்து குறைப்பதுதான் முறை, மாலையில் கிளம்பும்முன் மறக்காமல் மறுபடி ஏற்ற வேண்டும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பானர்) காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் சரிபார்க்க வேண்டும். ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ் போட்டிருந்தால், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி அது டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா என்று பாருங்கள், கார் ஜாக்கில் தொங்கும்போது ஒருமுறை, தரையில் நிற்கும்போது ஒருமுறை. தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், டிக்கியில் இருக்கும் ஜாக் எல்லாம் வெளியே. தீயணைப்பான் கொண்டு வந்தால் உலோகக் கிளாம்பில் போல்ட் போட்டு நிறுத்துங்கள், சீட்டுக்கு அடியில் சும்மா உருள விட்டால் அது பெடலுக்கு அடியில்தான் போய் நிற்கும்.

பவர் கூட்டுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் பவர் கூடினால் ஒவ்வொரு நேர்ப்பாதை முடிவிலும் வேகம் கூடும், மேலே சொன்ன எல்லாவற்றின் மீதும் பாரம் கூடும். ஏபிஎஸ்ஸையும், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலையும் அணைக்காமல் விட்டுவைத்து, இருக்கிற பவரிலேயே பிரேக் புள்ளிகளைக் கற்றுக்கொள்பவர் சீக்கிரம் வேகமாகிவிடுகிறார், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி டிஸ்க்கை ஆறவிட்டு வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பேட் கொதிக்கும் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், கியரில் விட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். எல்லாம் ஆறியபின் சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்து டிஸ்க்கைப் பார்ப்பது என் வழக்கம். மேற்பரப்பில் மயிரிழைக் கோடுகள் வெப்பத்தால் வருபவை, அவற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். கோடு விரிசலாகி டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டிருந்தால் அந்தக் கார் அன்று ஓடி வீட்டுக்குப் போகக் கூடாது, எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் டோ வண்டியைக் கூப்பிடச் சொல்லிவிடுவேன்.