நீதிபதித் தேர்வு எழுத நினைக்கும் சட்ட மாணவர்களுக்கு: எங்கள் வகுப்பிலிருந்து சில செய்திகள்

மதுரை அரசு சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் இன்று பல திசைகளில் இருக்கிறார்கள். ஒருவர் உரிமையியல் நீதிபதி. ஒருவர் அரசு உதவி வழக்கு நடத்துநர். வங்கியில் சட்ட அதிகாரியாக இருப்பவரும் உண்டு. ஒத்தக்கடையில், யானைமலை அருகே 2004 முதல் இயங்கிவரும் உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனுக்களோடு வாழ்பவர்கள் சிலர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சொந்த ஊர்ப் பக்கமே பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, வரப்புத் தகராறு என ஊன்றி நிற்பவர்கள்தான் அதிகம். தொழிலை விட்டுப் போனவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நன்றாகப் படித்தவர்கள் அவர்கள். கையில் காசில்லாத முதல் சில ஆண்டுகளை அவர்களால் தாண்ட முடியவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது, நீதிபதித் தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றுதான். எந்த நீதிமன்றத்தில், யாரிடம் ஜூனியராகச் சேரப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். கல்லூரியை முடித்த கையோடு அந்தத் தேர்வை எழுதலாம் என்ற நிலை மாறிவிட்டது. உரிமையியல் நீதிபதி பதவிக்குக் குறைந்தது 3 ஆண்டு வழக்கறிஞர் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. பலர் இதைத் தண்டனைபோல எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வகுப்பில் நீதிபதியான தோழி ஜூனியராக இருந்தது முன்சீப் நீதிமன்றத்தில். நீதிபதிப் பதவிக்கான முதன்மைத் தேர்வில் மூன்று சட்டத் தாள்களோடு மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் உண்டு. சாட்சியம், ஆவணம், தீர்ப்புப் பகுதி என்று கொடுத்துத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றச் சொல்வார்கள். சட்டத்தில் கெட்டிக்காரர்கள்கூட இங்கே திணறுவார்கள். தோழி இதற்கென்று தனியாகப் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. மாலையில் சீனியர் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளை அடுக்கும்போது, அன்று விசாரித்த சாட்சியின் வாக்குமூல நகலை எடுத்து வைத்துக்கொள்வார். கண்மாய்க்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று ஒரு பெரியவர் கூண்டில் நின்று சொன்ன நான்கு எல்லைகளையும், குறுக்கு விசாரணையில் அவர் தடுமாறிய இடத்தையும் வரி விடாமல் ஆங்கிலத்தில் எழுதுவார். சொத்து விவரத்தில் ஒரு திசை மாறினாலும் சீனியர் சிவப்பு மையில் வட்டமிடுவார். தேர்வறையில் அவருக்கு அந்தத் தாள் பழகிய வேலையாகவே இருந்தது. வழக்குரையை வரைந்து, எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனையப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் மனப்பாடம் செய்யாமலே நிற்கும்.

அதனால்தான் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்தவுடன் நேராக உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டாம் என்கிறேன். சாட்சி விசாரணை நடக்கும் கீழமை நீதிமன்றத்தில் ஓரிரு ஆண்டாவது இருங்கள்.

வழக்கறிஞர் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 100 கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தமிழிலும் எழுதலாம். குறிப்பெழுதாத சட்டப் புத்தகங்களை உள்ளே எடுத்துச் செல்லலாம் என்பதால், பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய மூன்று குற்றவியல் சட்டங்களின் பிரிவு எண்களைப் புரட்டித் தேடிப் பழகினால் போதும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கிடைக்க வழி செய்யுமாறு கூறியது. எல்லா அலுவலகங்களிலும் அது நடக்கிறதா என்றால் இல்லை. சேரும் முன்பே, "ஐயா, மாதம் எவ்வளவு தருவீர்கள்?" என்று மரியாதையோடு கேட்டுவிடுங்கள். பஸ் கட்டணத்துக்கே வீட்டில் கை நீட்டும் நிலை வந்தால் முதலில் உடைவது மனம்தான். கேட்டதற்காகக் கோபிக்கும் சீனியரிடம் தொழில் கற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. அந்த 3 ஆண்டுகள், நீங்கள் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கில் வரும். பார் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அனுபவச் சான்றை 10 ஆண்டு தொழில் அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, நீதித்துறை அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். எனவே வக்காலத்தில் சீனியரின் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கட்டும். வழக்கு எண், நீதிமன்றம், ஆஜரான தேதி மூன்றையும் முதல் வாய்தாவிலிருந்தே நாட்குறிப்பில் எழுதி வாருங்கள்.