ஃப்ரிட்ஜ்ல வெச்ச மாங்கா ஏன் பழுக்கல?

போன சீசன்ல நான் பண்ண கூத்து இது. தோட்டத்து மரத்துல வெளஞ்ச மாங்கா ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும், எல்லாத்தையும் ஒரே நாள்ல பறிச்சாச்சு, இவ்ளோவும் ஒண்ணா பழுத்தா யாரு தின்னு தீக்கறதுன்னு பயந்துபோய் பாதிய காயாவே ஃப்ரிட்ஜ்ல அடுக்கிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு எடுத்து வெளிய வெச்சேன், நாலு நாள் ஆச்சு, அஞ்சு நாள் ஆச்சு, பழுக்கவே இல்ல. தோல்ல சாம்பல் கலர்ல திட்டுத்திட்டா, அங்கங்க குழி விழுந்து, வெட்டிப் பாத்தா உள்ள வெளிறிப்போய் வாசனையும் இல்ல ருசியும் இல்ல. வெளிய விட்டிருந்த மீதி பாதி நல்லாதான் பழுத்துச்சு, ஆனா அதுலயும் ஏழெட்டு காம்புகிட்ட கறுத்து அழுகிப்போச்சு.

கடுப்புல உக்காந்து படிக்க ஆரம்பிச்சதுதான், ஒரு வருஷமா விடாம படிச்சிட்டிருக்கேன்.

மொதல்ல அந்த ஃப்ரிட்ஜ் மேட்டர். ஆப்பிள் மாதிரி குளிர்ல வளர்ற பழத்த பூஜ்யம் டிகிரி பக்கத்துல மாசக்கணக்கா வெக்கலாம், அதப் பாத்துட்டு நம்மளும் எல்லாப் பழத்துக்கும் குளிர்தான் மருந்துன்னு நெனச்சுக்கறோம். வெப்ப நாட்டுப் பழங்களோட செல் சவ்வு அந்தக் குளிருக்குப் பழக்கப்பட்டதே இல்ல, விறைச்சுப்போய் ஓட்டை ஓட்டையா ஒழுக ஆரம்பிச்சிடும். வாழைக்காய்க்கு 13 டிகிரிக்குக் கீழ போனாலே ஆபத்து, மாங்காய்க்கும் கிட்டத்தட்ட அதே 12, 13 தான், அன்னாசிக்கும் பப்பாளிக்கும் அதவிட கொஞ்சம் கீழ போகலாம், ஒரு 7லேர்ந்து 10 வரைக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுறது 4 டிகிரில! இதுல மோசமான விஷயம் என்னன்னா உள்ள இருக்கறவரைக்கும் பழம் பாக்க ஜம்முனு இருக்கும், வெளிய எடுத்து சூடு பட்டப்புறம்தான் திட்டும் குழியும் கெளம்பும். நான் தெனமும் கதவத் தொறந்து பாத்து சந்தோஷப்பட்டுட்டு வேற இருந்தேன்.

சரி, அப்ப வெளியவே வெச்சா என்ன? பறிச்சப்புறமும் பழத்துக்கு உயிர் இருக்கு, மூச்சு விட்டுட்டேதான் இருக்கும், மரத்துலேர்ந்து இனிமே ஒண்ணும் வராது, கையிருப்புல இருக்கற சர்க்கரையும் தண்ணியும்தான் செலவாகும். 10 டிகிரி சூடு ஏறுனா அந்த மூச்சு ரெண்டு மடங்கு மூணு மடங்கு வேகமாகும்னு சொல்றாங்க. உச்சி வெயில்ல பறிச்சு அங்கயே குவிச்சு வெச்சா அந்த நாலு மணி நேரத்துலயே பழத்தோட ஆயுசுல பெரிய பங்க தின்னு முடிச்சிருவோம். காலைல பறிக்கணும், ஒடனே நிழலுக்குக் கொண்டுபோகணும், பரப்பி வெச்சு உள்சூடு எறங்க விடணும். இந்த மூணையும் ஒழுங்கா செஞ்சா பாதி வேலை முடிஞ்சமாதிரி, இதுக்கு மெஷினும் வேணாம் மருந்தும் வேணாம்.

காம்பு கதைக்கு வரேன். மாங்காய பறிக்கும்போது நீளமான காம்போட சேத்து வெட்டணும், பிச்சு எடுத்தா அந்த எடத்துலேர்ந்து பால் பீச்சி அடிக்கும்ல, அது தோல்ல பட்ட எடமெல்லாம் தீஞ்சமாதிரி கறுத்துடும். கொண்டுவந்தப்புறம் காம்ப ஒட்ட நறுக்கி, தலைகீழா ஒரு கம்பி வலை மேல கவுத்து வெச்சு பால் வடிய விடணும். நாங்க தொரட்டியால இழுத்து தொப்பு தொப்புனு போட்ட ஆளுங்க, அடி பட்டதுல எத்தனன்னு கணக்கே கெடையாது. அடி பட்ட எடம் அன்னிக்குத் தெரியாது, பழுக்கும்போதுதான் அந்த எடம் மட்டும் கொழகொழன்னு ஆகும்.

அப்புறம் பழுக்கும்போது தோல்ல கறுப்புப் புள்ளி வருமே, அது நான் வெச்ச எடத்துல வந்ததுன்னு நெனச்சிட்டிருந்தேன். இல்லயாம். ஆந்த்ரக்னோஸ்னு ஒரு பூஞ்சை, காய் மரத்துல பிஞ்சா இருக்கும்போதே தோலுக்குள்ள பூந்து சத்தமில்லாம படுத்துக்குமாம், காய் பழுத்து அதோட எதிர்ப்புச் சக்தி கொறையும்போது எழுந்து வேலையக் காட்டும். அதனாலதான் ஏற்றுமதிக்குப் போற மாம்பழத்த 52லேர்ந்து 55 டிகிரி வெந்நீர்ல ஒரு அஞ்சு நிமிஷம் முக்கி எடுக்கறாங்க. இந்த வருஷம் நானும் தெர்மாமீட்டர் வெச்சு ட்ரை பண்ணேன், மொத பேட்ச்ல சூடு எகிறிப்போய் நாலு காய் வெந்தேபோச்சு (பச்சடி பண்ணிட்டோம்), ரெண்டாவது பேட்ச்ல புள்ளி நெஜமாவே கொறஞ்சுது. தண்ணில கை வெச்சுப் பாத்து சூட்ட கணிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ரெண்டு மூணு டிகிரி மாறுனா கதை கந்தல்.

எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி எத்திலீன். அந்தக் காலத்துல தெருவிளக்கு எரிக்கற கேஸ் கசிஞ்சா பக்கத்துல இருக்கற மரமெல்லாம் இலை கொட்டுமாம், ஏன்னு யாருக்கும் புரியல. நெல்யுபோவ்னு ஒரு ரஷ்யர் 1901ல அந்த கேஸ்ல இருக்கற எத்திலீன்தான் செடிய இந்தப் பாடு படுத்துதுன்னு கண்டுபுடிச்சார். அப்புறம் 1934ல ரிச்சர்ட் கேன், பழுக்கற ஆப்பிள் தானே அந்த எத்திலீன விடுதுன்னு நிரூபிச்சார். ஒரு பழம் பழுத்தா கேஸ் விடும், அது பக்கத்துல இருக்கறத பழுக்க வெக்கும், அது இன்னும் கேஸ் விடும், ஒருத்தன் கொட்டாவி விட்டா வரிசையா எல்லாரும் விடுற மாதிரி. அதனால பழுத்தத தெனமும் பொறுக்கி வேற ரூமுக்கு மாத்தறதுதான் வீட்ல நம்மளால ஆகற பெரிய வைத்தியம். அடிபட்டதையும் சேத்து எடுத்துடணும், அதுங்க இன்னும் அதிகமா கேஸ் விடும்.

பெரிய கிடங்குல பொட்டாசியம் பர்மாங்கனேட் ஊறவெச்ச பொட்டலம் போடுவாங்க, அது எத்திலீன தின்னு தின்னு ஊதாவுலேர்ந்து பழுப்பா மாறும், மாறுனா பொட்டலத்த மாத்தற நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம். இன்னொன்னு ஒன்-எம்சிபி, எத்திலீனோட வேலையத் தடுக்கற ஒரு கேஸ், அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சிஸ்லர், பிளாங்கன்ஷிப்னு ரெண்டு பேர் கண்டுபுடிச்சது. எத்திலீன் வந்து உக்கார வேண்டிய எடத்துல இது மொதல்லயே துண்டு போட்டு சீட் புடிச்சிடும், எத்திலீன் வந்து நின்னுட்டுப் போகவேண்டியதுதான். வாழைக்காம்புல பிளாஸ்டிக் சுத்துறது பத்தி நெறைய வீடியோ ஓடுது, நான் ரெண்டு சீப்பு வெச்சு பாத்தேன், சுத்துனதுக்கும் சுத்தாததுக்கும் ஒரு வித்யாசமும் தெரியல.

இந்த பழுக்கற கதையெல்லாம் மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா மாதிரி ஆளுங்களுக்குத்தான். அன்னாசி, லிச்சி, ரம்புட்டான் பறிச்சப்புறம் பழுக்காது, வெட்டுன அன்னிக்கு என்ன இனிப்போ அதான் கடைசி வரைக்கும். அன்னாசி தோல் மஞ்சளாகும், இனிப்பு ஏறாது, அரிசிக்குள்ள பொதச்சு வெச்சாலும் ஏறாது. அவகாடோ இதுக்கு நேர்மாறு, மரத்துல இருக்கறவரைக்கும் பழுக்கவே மாட்டேன்னு அடம்புடிக்கும், அதனால அதுக்கு மரமே கிடங்கு, வேணும்போது பறிச்சுக்கலாம்.

லிச்சிக்கு தண்ணிதான் பிரச்சன. காத்து பட்டு தோல் காஞ்சா ரெண்டு மூணு நாள்ல செவப்பு போய் பிரவுன் ஆகிடும், உள்ள சதை நல்லாத்தான் இருக்கும், ஆனா யாரும் தொட மாட்டாங்க. இது குளிரத் தாங்குற ஜாதி, ஓட்டை போட்ட கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்லயே வெக்கலாம். அந்த ஓட்டை முக்கியம். இறுக்கிக் கட்டுன கவர்ல உள்ளயே வேர்த்து தண்ணி கோத்து பூஞ்சை புடிக்கும், அதுக்கும் மேல மூச்சு முட்டி ஒரு சாராய வாடை வரும் பாருங்க. கப்பல்ல வாழைக்காய் போகும்போது ஆக்சிஜன கொறச்சுதான் தூங்க வெக்கறாங்க, ஆனா அங்க கூட 2லேர்ந்து 5 சதவீதம் விட்டு வெப்பாங்க, ஒரேயடியா அடைக்க மாட்டாங்க. அப்புறம் கழுவுறது, திங்கறதுக்கு முன்னாடி கழுவுனா போதும், ஈரத்தோட அடுக்குனா வம்ப வெலைக்கு வாங்கறமாதிரி.

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு இதான். காயெல்லாம் ஒத்தை அடுக்கா ட்ரேல, வீட்லயே குளுமையான மூலைல. தெனமும் காலைல ஒரு ரவுண்ட், அமுக்கிப் பாக்கறதில்ல, மோந்து பாக்கறது மட்டும்தான், அமுக்குனா அதுவும் அடிதான். நல்லா பழுத்ததுக்கப்புறம் ஃப்ரிட்ஜுக்குப் போகும், பழுத்த மாம்பழம் ஒரு நாலஞ்சு நாள் குளிரத் தாங்கும், வாழைப்பழத்துக்கு தோல் கறுக்கும், உரிச்சா உள்ள வெள்ளையாவே இருக்கும். அதுக்கும் மேல மிஞ்சுனா கூழாக்கி டப்பால அடைச்சு ஃப்ரீசர்ல. போன வாரம்கூட பன்னெண்டு டப்பா போட்டேன், ஐஸ்க்ரீம் வெக்க எடமில்லன்னு வீட்ல ஒரு சண்டை ஓடிட்டிருக்கு.