கையெழுத்துப் பக்கத்தில் இல்லாத நாடுகள்

ஜிம்பாப்வே விடுதலை பற்றி எதை எடுத்துப் படித்தாலும் கதை லண்டனுக்குப் போய்விடுகிறது. 1979 செப்டம்பர் 10 அன்று லங்காஸ்டர் மாளிகையில் மாநாடு தொடங்கியது, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் லார்ட் காரிங்டன் தலைமை தாங்கினார், டிசம்பர் 21 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. பிரிட்டிஷ் ராஜதந்திரத்தின் பெரிய வெற்றி என்று சொல்வார்கள். காரிங்டன் திறமைசாலிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷங்களில் நாங்கள் பக்கத்து நாடான சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் இருந்தோம். அப்பா அங்கே ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். அந்தக் கையெழுத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பது அந்த ஊரில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். 1965 நவம்பர் 11 அன்று, பிரிட்டிஷ் காலனியாக இருந்த ரொடீசியாவை, அதாவது இன்றைய ஜிம்பாப்வேயை, அதன் வெள்ளையர் அரசின் பிரதமர் இயன் ஸ்மித் தன்னிச்சையாகச் சுதந்திர நாடு என்று அறிவித்தார். ஜனத்தொகையில் இருபதில் ஒரு பங்கு இருந்த வெள்ளையர்கள் கையிலேயே ஆட்சி நிலைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. பெரும்பான்மை ஆட்சிக்கு வழி வைக்காமல் சுதந்திரம் தரமுடியாது என்றது பிரிட்டன். ஆனால் படை அனுப்பவும் மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. பிறகு என்ன மிச்சம்? பொருளாதாரத் தடை.

1966 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை கொண்டுவந்த 232-ஆம் தீர்மானம், உறுப்பு நாடுகளைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்திய முதல் பொருளாதாரத் தடை. 1968-இல் வந்த 253-ஆம் தீர்மானம் அதை ஏறக்குறைய எல்லா வணிகத்துக்கும் விரித்தது. காகிதத்தில் பார்த்தால் பலமான தடை. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கு எண்ணெய்க் கப்பல் வந்துவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை ஒன்பது வருஷம் கடலில் காவல் நின்றது. எண்ணெயோ தெற்கே அதே மொசாம்பிக்கின் லொரென்ஸோ மார்க்கெஸ் துறைமுகம் வழியாக ரயிலில் ரொடீசியாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனங்களுக்கு அதில் இருந்த பங்கை, பிரிட்டிஷ் அரசே அமைத்த பிங்கம் விசாரணையின் அறிக்கை 1978-இல் வெளியே கொண்டுவந்தது. அமெரிக்காவும் 1971-இல் தனிச் சட்டம் போட்டு ரொடீசியக் குரோமியத்தை வாங்க ஆரம்பித்தது. 1977-இல் கார்ட்டர் ஜனாதிபதியாக வந்த பிறகுதான் அது நின்றது.

தடையை உண்மையாக நடத்தியவர்களுக்குத்தான் அடி. சாம்பியா கடலே இல்லாத நாடு. அதன் செம்பில் பெரும்பகுதி தெற்கே ரொடீசிய ரயிலில் போய்த்தான் கப்பல் ஏறும். 1973 ஜனவரியில் ஸ்மித் எல்லையை மூடினார், ஆனால் செம்பு மட்டும் போகலாம் என்றார். செம்பு போனால் ரயில் கட்டணம் அவர்களுக்கு வருமே! சாம்பிய ஜனாதிபதி கென்னத் கவுண்டா செம்பையும் அனுப்பமாட்டேன் என்றுவிட்டார். சில வாரங்களில் ஸ்மித் இறங்கிவந்து எல்லையைத் திறந்தபோதும், கவுண்டா தன் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் அது மூடியே கிடந்தது. மாற்று வழிக்காகச் சீனா கட்டிக்கொடுத்ததுதான் தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் வரை போகும் 1,860 கிலோமீட்டர் டாசாரா ரயில். அந்தத் துறைமுகத்தில் மூட்டைகள் மாதக்கணக்கில் தேங்கும். செம்பு விலையும் 1975-இல் விழுந்தது.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்றால், சமையல் எண்ணெயாக, சோப்பாக, மாவாக. கடையில் எண்ணெய் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், அம்மா பாட்டிலோடு கிளம்பிவிடுவாள். வரிசையில் நிற்கும்போது முன்னால் எத்தனை தலை, உள்ளே எத்தனை டின் என்று எண்ணிக்கொண்டே நிற்பாள். அங்கே எல்லாருக்கும் முக்கியச் சாப்பாடு மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ந்ஷிமா. மாவு மூட்டை வரவில்லை என்றால் தெருவே பேச்சடங்கிவிடும்.

1975-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விக்டோரியா அருவிக்குப் பக்கத்தில், ஜாம்பெசி ஆற்றின் மேல், 1905-இல் திறந்த இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. எல்லைக்கோடு பாலத்தின் நடுவில் போகிறது. ஆகஸ்ட் 25 அன்று தென்னாப்பிரிக்க ரயில் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சரியாக அந்தக் கோட்டின் மேல் நிறுத்தினார்கள். ஸ்மித் ரொடீசியாவை விட்டு வெளியே வந்து பேசமாட்டேன் என்கிறார். ஆப்பிரிக்கத் தேசியத் தலைவர்கள் ரொடீசியாவுக்குள் வந்து பேசமாட்டோம் என்கிறார்கள். அதனால் ஒரே மேஜையில் அவர்கள் அந்த நாட்டிலும் இவர்கள் இந்த நாட்டிலுமாக உட்கார்ந்தார்கள். நடுவர்களாகக் கவுண்டாவும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டரும். போர்ச்சுகலில் 1974-இல் ஆட்சி கவிழ்ந்து மொசாம்பிக்கும் அங்கோலாவும் கையை விட்டுப் போனதும், தன் எல்லைவரை சண்டை வந்துவிடும் என்று வோர்ஸ்டருக்குப் பயம் வந்திருந்தது. நாடு கடந்து வாழ்ந்த தலைவர்கள் அடுத்த கட்டப் பேச்சுக்காக உள்ளே வந்தால் கைது செய்யமாட்டோம் என்று உறுதி தரவேண்டும் என்றார்கள். ஸ்மித் முடியாது என்றார். அவ்வளவுதான், பேச்சு முறிந்தது. பின்னாளில் அந்தப் பாலத்தில் நடந்திருக்கிறேன். 128 மீட்டர் கீழே ஆறு ஓடுகிறது, அருவியின் சாரல் முகத்தில் அடிக்கிறது, இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது சரியாகக் கேட்காது.

அடுத்த வருஷம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் வந்தார், ஸ்மித் இரண்டு வருஷத்தில் பெரும்பான்மை ஆட்சி என்று வானொலியில் ஒப்புக்கொண்டார், ஜெனீவாவில் மாநாடு கூடிக் கலைந்தது. 1978-இல் ஸ்மித் உள்நாட்டில் பிஷப் முசோரேவா போன்ற கறுப்பினத் தலைவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். படையும் போலீஸும் வெள்ளையர் கையிலேயே இருந்ததால் யாரும் அதை நம்பவில்லை.

1978 அக்டோபர் தொடக்கத்தில் கவுண்டா தெற்கு ரயில் பாதையைத் திறந்தார். மக்காச்சோள விதைப்பு நெருங்கிவிட்டது, உரம் வேறு வழியில் வந்து சேரவில்லை. விடுதலைப் போரை ஆதரித்து நின்ற மற்ற ‘முன்னணி நாடுகளுக்கு’ இது பிடிக்கவில்லை. பசிக்கு முன்னால் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்? திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 19-ஆம் தேதி ரொடீசிய விமானங்கள் லுசாக்காவுக்கு வெளியே இருந்த, ஜாப்பு என்ற ஜிம்பாப்வே விடுதலை இயக்கத்தின் முகாமின் மேல் குண்டு போட்டன. அக்டோபரில் அந்த ஊரில் ஜக்கராண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்துத் தள்ளும், வெயில் கொளுத்தும். காலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வடக்கே அடுத்தடுத்துச் சத்தம். எங்கள் ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றார், எங்களை எழுந்திருக்கவிடவில்லை. தாக்குதலுக்கு வந்த ரொடீசிய விமானி லுசாக்கா விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்து, சாம்பிய விமானங்கள் எதுவும் கிளம்பக் கூடாது என்று கட்டளை போட்டார் என்பது பிறகு உலகத்துக்கே தெரிந்தது. நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். ஒரு நாட்டின் தலைநகர வானத்தை வேறொரு நாடு காலை நேரத்தில் எடுத்துக்கொண்டது. அன்று ஊரில் பெரியவர்கள் முகத்தில் பார்த்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1979 ஏப்ரலில் புனித வெள்ளியன்று ரொடீசியப் படையினர் லுசாக்காவுக்குள்ளேயே வந்து ஜாப்புவின் தலைவர் ஜோஷுவா என்கோமோவின் வீட்டைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். அவர் தப்பிவிட்டார். அதே ஊரில்தான் நான்கு மாதம் கழித்துக் காமன்வெல்த் மாநாடு. எலிசபெத் ராணி வந்தார். ஸ்மித்தின் உள்நாட்டு உடன்பாட்டில் பிறந்த முசோரேவா அரசை அங்கீகரித்துவிடுவார் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் வந்தார். மாநாட்டுக்கு முந்தின நாள், ஜூலை 31 அன்று, நைஜீரியா தன் நாட்டில் பிரிட்டிஷ் பெட்ரோலியத்துக்கு இருந்த சொத்தைத் தேசியமயமாக்கியது. இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது. தான்சானியாவின் நைரேரே, ஆஸ்திரேலியாவின் பிரேசர், ஜமைக்காவின் மான்லி, காமன்வெல்த் செயலாளர் நாயகம் ஸ்ரீதத் ராம்பால் எல்லாரும் சேர்ந்து இழுத்ததில், முசோரேவாவின் அரசியல் சட்டம் குறையுள்ளது, பிரிட்டனின் பொறுப்பில் புதிய தேர்தல் நடக்க வேண்டும் என்று தாட்சர் ஒப்புக்கொண்டார். என் பார்வையில் ஜிம்பாப்வே பிறந்த இடம் லுசாக்காதான்.

அப்புறம்தான் லங்காஸ்டர் மாளிகை. அங்கே மாநாடு உடையும் நிலைக்கு வந்தது நிலத்தால். நாட்டு நிலத்தில் பாதியளவை வெள்ளையருக்கு ஒதுக்கிய சட்டங்களின் மேல் எழுந்த சண்டை இது. புதிய அரசியல் சட்டமோ, விற்க மனமுள்ளவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், பத்து வருஷத்துக்கு அதை மாற்றக் கூடாது என்றது. போராளிகள் தரப்பின் தலைவர்களான முகாபேயும் என்கோமோவும் ஒப்பவில்லை. ராம்பால் அமெரிக்கத் தூதரைப் பிடித்து, நிலம் வாங்க உதவி கிடைக்கும் என்று ஒரு வாக்குறுதி வாங்கிக்கொடுத்தார். அதில் தொகை எதுவும் இல்லை. அந்த ஓட்டையோடுதான் சட்டம் நிறைவேறியது. 2000-க்குப் பிறகு அந்த நாட்டில் நடந்த நிலப் பறிப்புகளைப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

லண்டனில் பேச்சு நடக்கும்போதே இங்கே குண்டும் விழுந்துகொண்டிருந்தது. அக்டோபரில் டாசாரா ரயில் போகும் சம்பேசி ஆற்றுப் பாலத்தை ரொடீசியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. நவம்பரில் தெற்கிலிருந்து வந்த மக்காச்சோளத்தை முசோரேவா அரசு நிறுத்தியது. சாம்பியாவில் அந்த வருஷம் விளைச்சலும் மோசம். அப்பா ‘டைம்ஸ் ஆஃப் ஸாம்பியா’வை மடித்துவைத்துவிட்டு, “லண்டன்ல பேசுறது நம்ம வீட்டு மாவைப் பத்தியும்தான்” என்று அம்மாவிடம் சொன்னார். கவுண்டா மாநாட்டை முடிக்கச் சொல்லி அவசரப்பட்டதற்குக் காரணம் அதுதான். மொசாம்பிக்கும் இதே நிலையில் இருந்தது. 1976 மார்ச்சில் ரொடீசிய எல்லையை மூடித் துறைமுக வருமானத்தை இழந்து, நியாட்சோனியாவிலும் சிமோயோவிலும் ரொடீசியப் படை நடத்திய படுகொலைகளைப் பார்த்த நாடு. கடைசிக் கட்டத்தில் முகாபே கையெழுத்துப் போடாமல் கிளம்பப் பார்த்தபோது, மொசாம்பிக் ஜனாதிபதி சமோரா மஷேல் லண்டனில் இருந்த தன் ஆலோசகர் ஃபெர்னாண்டோ ஹொன்வானா மூலம், இனி என் மண்ணிலிருந்து போரை நடத்த முடியாது என்று சொல்லி அனுப்பினார். முகாபே கையெழுத்துப் போட்டார். மஷேலும் ஹொன்வானாவும் 1986-இல் ஒரே விமான விபத்தில் இறந்தார்கள்.

சாம்பிய மக்களை யாரும் கேட்டுவிட்டு இந்தச் சுமையை ஏற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கட்சி ஆட்சி நடந்த நாடு அது. “நம்ம பிள்ளைகளுக்கு எண்ணெய் இல்லை, நாம ஏன் அவங்களுக்காக வரிசையில நிற்கணும்?” என்று பக்கத்து வீட்டு அம்மா உரக்கவே கேட்பார். அதே அம்மா குண்டு விழுந்த மறுநாள் வீட்டிலிருந்த போர்வைகளைக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டையும் நான் பார்த்தேன்.

லங்காஸ்டர் உடன்படிக்கையின் கடைசிப் பக்கத்தில் பிரிட்டனின் கையெழுத்து, முசோரேவா தரப்பின் கையெழுத்து, முகாபே, என்கோமோ கையெழுத்து இருக்கின்றன. சாம்பியா இல்லை, மொசாம்பிக் இல்லை, தான்சானியா, போட்ஸ்வானா, அங்கோலா இல்லை. 1980 பிப்ரவரி தேர்தலில் முகாபே கட்சி கறுப்பர்களுக்கான 80 இடங்களில் 57-ஐப் பிடித்தது, ஏப்ரல் 18 அன்று ஜிம்பாப்வே சுதந்திரமடைந்தது.

தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவில் இது தலைகீழாக நடந்தது. ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் என்ற 435-ஆம் தீர்மானம் 1978 செப்டம்பரிலேயே நிறைவேறிவிட்டது. அங்கோலாவிலிருந்து கியூபப் படை வெளியேறினால்தான் என்று அமெரிக்கா பின்னால் முடிச்சுப் போட்டதும் சேர்ந்து பத்து வருஷம் ஓடியது, அந்தப் பத்து வருஷமும் அங்கோலாவின் தெற்கு எரிந்தது. 1988 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா கையெழுத்திட்டன. இங்கே பக்கத்து நாடு இருந்தது, விடுதலைக்குப் போராடிய ஸ்வாப்போவுக்கு இடம் இல்லை. அதன் விளைவு 1989 ஏப்ரல் 1 அன்றே தெரிந்தது. ஸ்வாப்போ போராளிகள் எல்லை தாண்டி உள்ளே வர, இந்தியத் தளபதி பிரேம் சந்த் தலைமையில் இருந்த ஐ.நா. படையில் பெரும்பகுதி இன்னும் வந்தே சேரவில்லை. தென்னாப்பிரிக்கப் படை முகாமை விட்டு வெளியே வர ஐ.நா. அனுமதித்தது. ஒன்பது நாளில் முந்நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். நவம்பர் தேர்தலில் ஸ்வாப்போவுக்கு 72-இல் 41 இடம் கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு 48 வேண்டும் என்பதால் மற்றக் கட்சிகளோடு உட்கார்ந்துதான் அரசியல் சட்டம் எழுத முடிந்தது, 1990 மார்ச் 21 அன்று கொடி ஏறியது. வால்விஸ் பே துறைமுகத்தை மட்டும் தென்னாப்பிரிக்கா கையிலேயே வைத்துக்கொண்டது. நமீபியாவுக்கு அது வந்து சேர 1994 மார்ச் வரை ஆயிற்று.