முகவரிடமிருந்த முதலீட்டை நாங்களே பொறுப்பெடுத்த கதை

என் முதலீடுகளை நானே பார்க்கிறேன் என்று தெரிந்தால் போதும், கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் யாரும் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப எந்தப் பங்கு வாங்கலாம், அண்ணை?" என்பதுதான். அதற்கு என்னிடம் உருப்படியான பதில் கிடையாது. முகவர் ஒருவரிடம் பல வருடமாக இருந்த பணத்தை, என்னுடையதையும் மனைவியுடையதையும், சுயமாக இயக்கும் கணக்குகளுக்கு மாற்றி எடுத்த அனுபவம் மட்டும் இருக்கிறது. எதை வாங்குவது என்று யோசிக்க ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. மிச்சக் காலமெல்லாம் படிவங்களுக்கும், எந்தக் கணக்கில் எதை வைப்பது என்பதற்கும், பழைய கொள்விலைகளைத் தேடுவதற்கும்தான் போனது.

எங்கள் ஆட்களில் பலருக்கு முதலீடு அறிமுகமானது காப்புறுதி முகவர் மூலம்தான். வீட்டுக்கு வருவார், தேத்தண்ணி குடிப்பார், உயிர்க் காப்புறுதியோடு சேர்த்து ஆர்.ஆர்.எஸ்.பியும் (வரிச் சலுகையுள்ள ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) திறந்து கொடுத்துவிட்டுப் போவார். எங்களுக்கும் அப்படித்தான். நல்ல மனிதர், எங்கள் குடும்பத்துக் கலியாணவீடு, செத்தவீடு ஒன்றையும் தவறவிட்டதில்லை. அவரிடமிருந்து கணக்கை எடுப்பதில் எனக்கிருந்த கூச்சம், படிவ வேலையைவிடப் பெரிய தடையாக இருந்தது.

அந்தக் கூச்சத்தைப் போக்கியது எம்.ஈ.ஆர் என்ற ஒரு எண், அதாவது நிதியை நடத்த வருடாவருடம் பிடிக்கும் மொத்தச் செலவு வீதம். வருடாந்தக் கட்டண அறிக்கையில் முகவரின் நிறுவனத்துக்குக் கிடைத்த தரகு டொலரில் இருக்கும். ஆனால் எங்களுக்கு வந்த அறிக்கையில் நிதியின் முழுச் செலவு இல்லை. அதை ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டின் 'ஃபண்ட் ஃபக்ட்ஸ்' தாளிலும் தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. எங்களுடைய சில நிதிகள் வருடத்துக்கு 2.3 வீதம் எடுத்தன. இரண்டு இலட்சம் டொலருக்கு அது 4,600 டொலர். பில் எதுவும் வராது, நிதியின் விலைக்குள்ளேயே கழிந்துவிடும். அதேபோன்ற உலகப் பங்குகளை ஒரே கூடையில் வைத்திருக்கும் வி.ஈ.கியூ.ரி, எக்ஸ்.ஈ.கியூ.ரி போன்ற ஈ.ரி.எஃப்களில் (சந்தையில் ஒரு பங்கைப்போல் வாங்கி விற்கும் நிதிகள்) இந்தச் செலவு கால் வீதத்துக்கும் குறைவு. அதே தொகைக்கு 500 டொலர்கூட இல்லை.

மாற்றுவதற்கு முன் பார்க்கவேண்டியது டி.எஸ்.சி. நிதியைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு முன் விற்றால் தண்டம் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு அது. 2022 ஜூன் 1க்குப் பிறகு கனடாவில் அப்படிப் புதிதாக விற்கமுடியாது. ஆனால் அதற்கு முன் வாங்கியவற்றுக்குப் பழைய அட்டவணை தொடரும். எந்த நிதிக்கு எவ்வளவு மிச்சம் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஒன்றே ஒன்றில் சிறு தொகை இருந்தது. ஒரு வருட எம்.ஈ.ஆரை விடக் குறைவு என்பதால் கட்டிவிட்டு எடுத்தோம்.

அடுத்து மாற்றும் முறை. "காசை எடுத்து அங்க போட்டால் சுகம்தானே?" என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆர்.ஆர்.எஸ்.பியில் 15,000 டொலருக்கு மேல் ஒருமுறையில் எடுத்தால் 30 வீதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் தருவார்கள், முழுத் தொகையும் அந்த வருட வருமானத்தில் சேரும், பங்களிப்பு இடமும், அதாவது பணம் போட அனுமதித்த அளவும், திரும்பி வராது. ரி.எஃப்.எஸ்.ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் எடுத்தால் வரி இல்லை, ஆனால் எடுத்த இடம் அடுத்த ஜனவரி 1இல்தான் திரும்பக் கிடைக்கும். அதற்கிடையில் போட இடமில்லாமல் போட்டால், கூடுதலான தொகைக்கு மாதம் 1 வீதம் தண்டவரி. சரியான வழி, புதிய நிறுவனத்தில் அதே வகைக் கணக்கைத் திறந்து, அவர்களையே பழைய இடத்திலிருந்து இழுத்தெடுக்கச் சொல்வது. பழைய நிறுவனத்தோடு நீங்கள் பேசவே தேவையில்லை. கடைசி அறிக்கையின் பிரதியும் கணக்கு இலக்கமும் போதும். இரண்டு இடத்திலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கவேண்டும். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறும் நமக்கு இது சின்ன விஷயமில்லை.

படிவத்தில் ஒரு பெட்டி முக்கியம்: உள்ளபடியே மாற்றுவதா, விற்றுக் காசாக மாற்றுவதா. ஆர்.ஆர்.எஸ்.பி, ரி.எஃப்.எஸ்.ஏ போன்ற பதிவுசெய்த கணக்குகளுக்குள் விற்றாலும் வரி இல்லை, ஆகவே அங்கே காசாகவே மாற்றினோம். சில நிதிகள் அந்த நிறுவனத்துக்கே உரியவை, வேறிடத்துக்கு அப்படியே வரமாட்டா. இந்தச் சலுகை இல்லாத சாதாரணக் கணக்கில் இருந்த பங்குகளை மட்டும் உள்ளபடியே எடுத்தோம், ஏனென்றால் அங்கே விற்று வரும் இலாபம் வரிக்குரிய மூலதன இலாபம். பழைய நிறுவனம் கையொப்பம் பொருந்தவில்லை என்று ஒருமுறை படிவத்தைத் திருப்பியது. கணக்கு மூடும் கட்டணமும் எடுத்தது. கட்டணம் எடுத்ததைக் காட்டும் அறிக்கையைக் கொடுத்ததும் புதிய நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தந்தது. கேட்டால்தான் தருவார்கள்.

முகவருக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "பரவாயில்லைத் தம்பி, காப்புறுதியைக் குழப்பிப்போடாதேங்கோ" என்றார். அது நல்ல ஆலோசனை.

எதை எங்கே வைப்பது என்பதில், மனைவியின் தம்பி குடும்பம் கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்லவேண்டும். ரி.எஃப்.எஸ்.ஏயில் ஆளுக்கு 102,000 டொலர் போடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2025 வரையான அந்தக் கூட்டுத்தொகை, 2009இல் பதினெட்டு வயது நிரம்பி, அன்றிலிருந்து கனடாவில் வசித்தவர்களுக்கு. அவர்கள் வந்தது 2018இல். அந்த வருடத்திலிருந்து கூட்டினால் ஆளுக்கு 50,000தான். கனடிய வரித் திணைக்களமான சி.ஆர்.ஏயின் மை அக்கவுண்டில் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், ஆனால் நிதி நிறுவனங்கள் முந்தைய வருட விபரத்தை அனுப்பிச் சேரும்வரை, ஜனவரி, பெப்ரவரியில் அங்கே தெரியும் எண் பழையது. சொந்தக் கொப்பியில் எழுதிவைப்பதுதான் நம்பிக்கை.

அமெரிக்கப் பங்குகளின் டிவிடென்ட், அதாவது நிறுவனம் பங்காளருக்குத் தரும் இலாபப் பங்கு, இன்னொரு குழப்பம். அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருந்தால் அமெரிக்கா 15 வீதம் வரி பிடிக்கும், கொடுக்காவிட்டால் 30. ஆர்.ஆர்.எஸ்.பிக்குள் நேரடியாக வைத்த அமெரிக்கப் பங்குக்கும், அமெரிக்கச் சந்தையில் பட்டியலிட்ட ஈ.ரி.எஃப்புக்கும் இரு நாட்டு ஒப்பந்தப்படி அந்தப் பிடிப்பு இல்லை. ரி.எஃப்.எஸ்.ஏயில் உண்டு, மீட்கவும் முடியாது. சாதாரணக் கணக்கில் பிடித்ததை வெளிநாட்டு வரிக் கழிவாகக் கேட்கலாம். இதைக் கேட்டவுடன் எல்லாவற்றையும் புரட்டி அடுக்கத் தொடங்குகிறவர்களிடம் நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 50,000 டொலருக்கு 1.3 வீத டிவிடென்ட் என்றால் 650 டொலர். அதில் 15 வீதம், நூறு டொலருக்குச் சற்றுக் குறைவு. அதற்காக அமெரிக்க ஈ.ரி.எஃப்பைத் தேடிப் போய், டொலர் மாற்றுவதில் ஒன்றரை வீதத்தைக் கொடுத்தால் 750 டொலர் முதல்நாளே போய்விடும்.

டொலர் மாற்றவே வேண்டுமென்றால் 'நோபர்ட்ஸ் காம்பிட்' என்ற வழி இருக்கிறது. டி.எல்.ஆர் என்ற ஈ.ரி.எஃப்பைக் கனடிய டொலரில் வாங்கி, அதன் அமெரிக்க டொலர்ப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லி, அங்கே விற்பது. பெரிய தொகைக்கு வங்கியின் மாற்றுவிலையை விட நிறைய மிச்சம். சில நாள் பொறுக்கவேண்டும். இரண்டாயிரம் மூவாயிரம் டொலருக்கு இந்த வேலை வீண்.

இனி, என்னை உண்மையில் வேலை வாங்கிய பகுதி. சாதாரணக் கணக்கின் ஏ.சி.பி, அதாவது வரிக்கான சராசரிக் கொள்விலை.

கனடாவில் எந்தப் பங்கை முதலில் வாங்கினேன், எதை விற்கிறேன் என்று தெரிவுசெய்ய முடியாது. ஒரே பங்கு எல்லாம் சேர்ந்து ஒரே சராசரி. 100 பங்கை 50 டொலர்ப்படி, 10 டொலர் தரகோடு வாங்கினால் 5,010. பிறகு 50 பங்கை 62 டொலர்ப்படி அதே தரகோடு வாங்கினால் 3,110. மொத்தம் 8,120, பங்குக்கு 54.13. அதில் 60 பங்கை 70 டொலர்ப்படி விற்று, தரகு போக 4,190 கையில் வந்தால், கழிக்கும் கொள்விலை 3,248. இலாபம் 942. அதில் பாதி, 471 டொலர், வருமானத்தில் சேரும். இந்தப் பாதியை மூன்றில் இரண்டாக்கும் யோசனை 2024இல் வந்தபோது பலர் பயந்து விற்றார்கள். தனிநபருக்கு அது வருடத்தில் 250,000 டொலருக்கு மேற்பட்ட இலாபத்துக்குத்தான். அதையும் 2025 மார்ச்சில் கைவிட்டார்கள்.

கணக்கு எளிது. பழைய தரவுதான் கஷ்டம். எங்களிடம் இருந்த ஒரு பங்கில் டிவிடென்ட் தானாகவே மறுமுதலீடாகிக்கொண்டிருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று பங்கு. ஒவ்வொன்றும் வரிக்கு ஒரு தனிக் கொள்வனவு. உள்ளபடியே மாற்றியபோது புதிய நிறுவனத்தின் திரையில் தெரிந்த 'புக் வலியூ' (பதிந்த கொள்விலை), மாற்றிய நாளின் சந்தை விலையாக இருந்தது. அதை நம்பி விற்றிருந்தால் இலாபமே இல்லை என்று தோன்றியிருக்கும். விற்பனைகளைக் காட்டும் ரி5008 வரிச் சிட்டையில் வரும் கொள்விலையும் இப்படித்தான், அதைச் சரிபார்ப்பது நம்முடைய பொறுப்பு. பழைய காலாண்டு அறிக்கைகளை மனைவி ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவர் அப்படி வைத்திராவிட்டால், பழைய நிறுவனத்திடம் காசு கட்டிப் பிரதி எடுத்திருக்கவேண்டும். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அவர் வாசிக்க, நான் விரிதாளில் ஏற்றினேன்.

ஈ.ரி.எஃப்களில் இன்னும் இரண்டு நுணுக்கம். நிதிகளின் வருமானத்தைக் காட்டும் ரி3 வரிச் சிட்டையின் 42ஆம் பெட்டியில் தொகை இருந்தால் அது மூலதனத்தைத் திருப்பித் தந்தது. அந்த வருடம் வரியில்லை, ஆனால் ஏ.சி.பியைக் குறைக்கவேண்டும். மறுதலையாக, டிசம்பரில் சில ஈ.ரி.எஃப்கள் காசாகத் தராமல் உள்ளேயே மறுமுதலீடு செய்வதாக அறிவிக்கும். வரி கட்டுவீர்கள், கையில் எதுவும் வராது. அதை ஏ.சி.பியில் கூட்டாவிட்டால் விற்கும்போது அதே தொகைக்கு இரண்டாம் முறை வரி. ரி3 சிட்டைகள் மார்ச் கடைசியில்தான் வந்து சேரும், ஆகவே மார்ச் தொடக்கத்திலேயே வரிக்கோப்பை அனுப்பிவிட்டுத் திருத்தம் போடுவதைவிட ஏப்ரல் வரை காத்திருப்பது நல்லது.

அமெரிக்கப் பங்கானால், வாங்கிய நாளின் மாற்றுவிலையில் கொள்விலையும், விற்ற நாளின் மாற்றுவிலையில் விற்பனையும். 2012இல் இரண்டு டொலரும் ஏறத்தாழச் சமம். அன்று 10,000 அமெரிக்க டொலருக்கு வாங்கி, 2024இல் அதே 10,000க்கு விற்றவருக்கு, பங்கு ஒரு சதம்கூட ஏறாவிட்டாலும், 3,700 கனடிய டொலர் அளவில் இலாபம். இதை ஒரு நண்பருக்கு விளங்கப்படுத்தப் போய் அவர் என்னோடு கோபித்துக்கொண்டார்.

நட்டத்தில் விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. விற்பனைக்கு முன்னும் பின்னும் 30 நாளுக்குள் அதே பங்கை நீங்களோ, உங்கள் மனைவியோ, கணவனோ வாங்கி வைத்திருந்தால் அந்த நட்டத்தை உடனே கழிக்கமுடியாது, புதிய பங்கின் கொள்விலையில் போய்ச் சேரும். ரி.எஃப்.எஸ்.ஏயிலோ ஆர்.ஆர்.எஸ்.பியிலோ வாங்கியிருந்தால் நட்டம் ஒரேயடியாகப் போய்விடும். எங்களிடம் ஒரு பங்கு விழுந்து கிடந்தது. அதை அப்படியே ரி.எஃப்.எஸ்.ஏக்கு மாற்றலாமே என்று யோசித்தோம். இலாபத்தில் உள்ளதை மாற்றினால் வரி, நட்டத்தில் உள்ளதை மாற்றினால் நட்டத்தைக் கோரமுடியாது என்பதுதான் சட்டம். வெளியில் விற்று, நட்டத்தைப் பதிந்து, காசை ரி.எஃப்.எஸ்.ஏயில் போட்டு வேறொன்றை வாங்கினோம்.

ரி1135 படிவம் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வெளிநாட்டுச் சொத்தின் கொள்விலை வருடத்தில் எப்போதாவது ஒரு இலட்சம் கனடிய டொலரைத் தாண்டினால் நிரப்பவேண்டும். கனடியத் தரகு நிறுவனத்தில், ஆனால் சாதாரணக் கணக்கில், வைத்த அமெரிக்கப் பங்கும் இதில் சேரும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாடகைக்கு விட்ட வீடும் சேரும். விடுமுறைக்குப் போய் நிற்கவென்று வைத்திருக்கும் வீடு சேராது. பிந்தினால் நாளுக்கு 25 டொலர், 2,500 வரை. அமெரிக்கப் பங்கு, வாடகை வீடு இரண்டையும் கூட்டிப் பாருங்கள். தனித்தனியே பார்த்து 'எனக்கில்லை' என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

என்ன வாங்கினோம் என்று சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். பெரும்பகுதி உலகப் பங்கு ஈ.ரி.எஃப் ஒன்று. சாதாரணக் கணக்கில் பழைய கனடியப் பங்குகள் சில, டிவிடென்ட் வரிக் கழிவுக்காக. வங்கியும் பெல் தொலைபேசி நிறுவனமும் மட்டும் போதும், டிவிடென்ட் ஒருநாளும் குறையாது என்பவர்களுக்கு, பெல்லின் தாய் நிறுவனமான பி.சி.ஈ 2025 மேயில் வருடத்துக்கு 3.99 டொலராக இருந்ததை 1.75 ஆக்கியதைக் காட்டுகிறேன். மூத்தவர்களுக்கு நோர்டெல் என்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம் ஞாபகம் இருக்கும்: 2000இல் பங்கு 120 டொலருக்கு மேல், ரொறன்ரோக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது ஒன்றே; 2009 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்பு. கனடா உலகச் சந்தையில் மூன்று வீதம் அளவுதான்.

கடைசியாக ஒன்று. கணக்கை மாற்றும்போது பழைய இடத்தில் எழுதிக் கொடுத்த வாரிசுப் பெயர் கூடவே வராது, புதிதாக எழுதவேண்டும். ரி.எஃப்.எஸ்.ஏயில் கணவன் அல்லது மனைவியை வெறும் பயனாளியாக இல்லாமல் 'சக்ஸஸர் ஹோல்டர்' என்று போட்டால் கணக்கு அப்படியே அவர் பெயரில் வரியின்றித் தொடரும். பெயரே போடாவிட்டால் பணம் இறந்தவரின் மற்றச் சொத்துகளோடு சேர்ந்துவிடும். ஒன்ராறியோவில் 50,000 டொலருக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆயிரத்துக்கு 15 டொலர் வரி, அதோடு நீதிமன்றத் தாமதம். எங்கள் புதிய நிறுவனத்தில் இந்தப் படிவம் கணக்குத் திறக்கும் பக்கத்தில் இல்லை, அமைப்புகளுக்குள் போய்த் தேடி எடுக்கவேண்டியிருந்தது. பெரியவர்களுடைய கணக்கை மாற்றிக் கொடுக்கும் பிள்ளைகள் அதை முதலே கேட்டு வாங்குங்கள்.