ராத்திரி பத்து மணிக்கு வந்த பி.எல்.ஓ.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். காலையில் ஷட்டர் தூக்க வரும்போது ஆயா சாக்கை மடித்து வைத்துவிட்டு, படியைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருப்பார். பல வருஷமாக எங்கள் கடை வாசல்தான் அவருக்குப் படுக்கை. விடிகாலை நாலு மணிக்கு பத்ரியன் தெருவுக்குப் போய் உதிரிப் பூ எடுத்து வந்து கட்டிக் கொடுப்பார். முழத்துக்கு இவ்வளவு என்று கூலி.

2022-ல் ஒருநாள், “பென்சனுக்கு எழுதிக் குடு கண்ணு” என்றார். ஒரு மனுதானே, அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் ஆனது.

பென்ஷனுக்கு ஆதார் வேண்டும். ஆதாருக்கு முகவரிச் சான்று வேண்டும். ஆயாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வியாசர்பாடியில் புருஷனோடு இருந்த காலத்து ரேஷன் கார்டு ஒன்று இருந்ததாம். பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிரான்ஸ்பார்மர் கம்பியில் கட்டி வைத்திருந்தார். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பையோடு போய்விட்டது. “காத்து தூக்கினு பூட்ச்சிபா.”

வீடற்றோர் காப்பகத்தில் சேர்ந்தால் அங்கேயே கடிதம் கொடுப்பார்களே என்று பலர் சொன்னார்கள். உண்மைதான். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. சென்னையிலும் காப்பகங்கள் இருக்கின்றன. ஆயா ஒரு தடவை போய் மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். ராத்திரி கதவைப் பூட்டினால் நாலு மணிக்குப் பூ எடுக்க எப்படிப் போவது? பூ இல்லாவிட்டால் சோறு ஏது? இதைக் கேட்காமல், “இவங்களுக்கு ரோடுதான் பிடிக்கும்” என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வழி சொன்னது பக்கத்து பைண்டிங் கடைக்காரர். முதலில் வாக்காளர் அட்டை வாங்கிவிட்டால், அதையே ஆதாருக்கு முகவரிச் சான்றாகக் காட்டலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, ரோட்டோரம் தங்குகிறவர்கள் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. படிவம் 6-ல் எங்கே படுக்கிறோமோ அந்த இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., ராத்திரியில் நேரில் வந்து ஆள் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். நான் முதலில் நம்பவில்லை. விசாரித்தால் விதியே அப்படித்தான்.

நவம்பர் சிறப்பு முகாமில் படிவம் வாங்கி வந்தேன். எங்கள் கடைக் கதவெண்ணைப் போடலாமா என்று கேட்டதும் முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நாளைக்கு இங்கதான் குடியிருந்தேன்னு கேஸ் போட்டா யாருடா அலையறது?” அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரே வாடகைக் கடைக்காரர். கடைசியில் தெருப் பெயரை எழுதி, ‘நடைபாதை’ என்று போட்டு, எந்தக் கடைக்கு எதிரில் என்பதையும் சேர்த்தேன். கையெழுத்து இடத்தில் ஆயா கட்டைவிரல் உருட்டினார்.

நவம்பர் என்றால் மழை. மழை பெய்தால் எங்கள் வாசலில் எவரும் படுக்க முடியாது. அப்போதெல்லாம் ஆயா பிராட்வே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். பி.எல்.ஓ. முதல் தடவை வந்தது சரியாக அப்படி ஒரு ராத்திரியில். மறுநாள் போன் செய்தார்: “நான் பார்த்தப்ப யாரும் இல்லைங்க.” அங்கன்வாடி டீச்சர் அவர். மழையில் நனைந்துகொண்டு ஆயா அங்கேயே படுத்திருந்தால்தான் விதிப்படி குடியிருப்பு! கெஞ்சினேன். இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார்.

அன்றைக்குக் கடை சாத்திய பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆயா ஏழு மணிக்கே சாக்கை விரித்து, தலை வாரி, உள்ளதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு டீச்சர் கணவரோடு டூவீலரில் வந்து இறங்கினார். ஆயா சட்டென்று படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எந்திரிங்கம்மா, பேரு சொல்லுங்க.” பேரைச் சொன்னார். “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?” ஆயா ஷட்டரைக் காட்டினார்: “இது பச்ச கலர்ல இருந்தப்போவே நான் இருக்கன்.” இப்போது அது நீலம். பெயின்ட் மாறியது எனக்கே நினைவில்லை.

வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. நடைபாதைக்குத் தபால் வருமா என்று பயந்தேன். தபால்காரருக்கு ஆயாவைத் தெரியாதா என்ன. இதே நகரத்தில், 2011 பிப்ரவரி 28 ராத்திரி மக்கள்தொகைக் கணக்குக்காக வீடற்றவர்களை எண்ணினார்கள். சென்னைக்கு 16,682 பேர் என்று பதிவானது. ஆயாவிடம் கேட்டேன், அப்போது யாராவது வந்து கேட்டார்களா என்று. “கொசுதான் வந்துச்சு.”

ஆதார் வேறு கதை. வருஷக்கணக்கில் நாரும் நூலும் இழுத்து விரல் ரேகை தேய்ந்திருந்தது. பதிவு செய்கிற பையன் ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தான். கண்ணில் ஒன்று புரை. முதல் பதிவு ரெண்டு மாதம் கழித்து நிராகரிக்கப்பட்டது. ரெண்டாம் தடவை தேறியது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: புதிதாக ஆதார் பதிய ஒரு பைசா கட்டணம் கிடையாது. வாசலில் உட்கார்ந்து முந்நூறு கேட்கிற ஆளிடம் போகாதீர்கள். நான் போய்க் கொடுத்துவிட்டு வந்தவன்.

பிறகு வங்கிக் கணக்கு, பென்ஷன் மனு. அதற்கும் ‘வீட்டை’ப் பார்க்க ஒருவர் வந்தார். “பையன் இருக்கானா?” என்று கேட்டார். “திருப்பூர் போனான். இருக்கானான்னு நீயே சொல்லு சார்.” அவர் மேலே கேட்கவில்லை, எழுதிக்கொண்டு போனார். 2024-ல் ஒரு மாதம் கணக்கில் 1,200 ரூபாய் ஏறியிருந்தது. ஏப்ரல் 19 அன்று துறைமுகம் தொகுதி வாக்குச்சாவடியில் ஆயா ஓட்டும் போட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை.

இடம் மட்டும் மாறவில்லை. இன்னும் எங்கள் வாசல்தான். அந்தப் பணத்துக்கு இந்தப் பக்கம் எவன் வாடகைக்கு விடுவான்?

அட்டைகளை எல்லாம் திரும்பவும் கம்பியில் கட்டப் போனார். நான் தடுத்தேன். முதலாளி ஒன்றும் பேசாமல் கையை நீட்டி வாங்கி, கல்லாப்பெட்டி அடித்தட்டில் பில் புக்குக்குக் கீழே வைத்தார். வாரத்தில் ரெண்டு நாளாவது ஆயா படியில் நின்று, “பத்திரமா கீதா?” என்பார். முதலாளி கணக்கு எழுதிக்கொண்டே பெட்டியை இழுத்துக் காட்டுவார்.