இருபத்தேழாவது கிலோமீட்டர்

1 ஜூலை 2025, செவ்வாய்
காலை ஐந்தே கால். ரீயூனியன் தீவில் ஜூலை குளிர்காலம், வாசல் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. டீசல் வண்டி மூன்றாவது தடவைதான் பிடித்தது. டயாலிசிஸ் ஊசிக்காக அம்மாவின் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடம், ஃபிஸ்டுலா. அதன் மேல் விரல் வைத்துப் பார்த்தேன், பூனை உறுமுகிற மாதிரி அதிர்ந்தது, ரத்தம் ஓடுகிறது. சரி, கிளம்பலாம். பதினான்காவது கிலோமீட்டர் தாண்டும்போது பிரேக் தீய்கிற வாசனை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2 ஜூலை
மெக்கானிக் கையை விரித்துவிட்டார். புயல் பருவம் வரைக்கும் தாங்காது.

3 ஜூலை, வியாழன்
அண்ணன் பாரிஸிலிருந்து போன். "பிளக்-இன் ஹைப்ரிட் எடு. கரண்ட் இருந்தா கரண்ட்டுல போ, இல்லாட்டி பெட்ரோல்ல போ. கரான்ஸ் மாதிரி இன்னொரு புயல் வந்தா என்ன பண்ணுவ?"

பிப்ரவரி 28-ஆம் தேதி அந்தப் புயல் அடித்தபோது அவன் இங்கே இல்லை. நான் இருந்தேன். மறுநாள் சனி, அம்மாவின் டயாலிசிஸ் முறை. சாலையில் மரம் வெட்டி ஒதுக்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. பெட்ரோல் பங்கிலும் மின்சாரம் இல்லாமல் பம்பு ஓடவில்லை. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை, போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக டாக்சி அனுப்புகிறோம் என்கிறார்கள். அம்மாவுக்கு பிரெஞ்சும் வராது, கிரியோலும் வராது. நடுவழியில் குமட்டினால் யாரிடம் என்ன சொல்வாள்?

5 ஜூலை, சனி
கீழே கடலோரம், சேன் பியேர் டயாலிசிஸ் மையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நான்கு மணி நேரம். அம்மா உள்ளே. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

வண்டியும் ஆளுமாக 1,700 கிலோ. எங்கள் வீடு 1,500 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 7 யூனிட். மோட்டாரில் வீணாவது, சக்கரம் உருள்வது, காற்றைக் கிழிப்பது எல்லாம் சேர்த்தால் 12 பக்கம் வரும். நான் பார்த்து வைத்திருக்கும் பிளக்-இன், பெஜோ 308. அதன் பேட்டரியே 12.4 யூனிட்தான், அதிலும் முழுதும் நம் கைக்கு வராது. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே இன்ஜின் எழுந்துகொள்ளும்.

இறக்கம் வேறு விஷயம். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து, கரண்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பும். ஆனால் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நிறைத்துவிட்டு உச்சியிலிருந்து கிளம்பினால் அந்தக் கரண்ட் எங்கே போகும்? நிறைகுடத்தில் ஊற்ற முடியாது. அப்புறம் இன்ஜினை இழுத்துப் பிடித்தோ, பழையபடி பிரேக் தீயத் தீயவோதான் இறங்க வேண்டும். ஊரெல்லாம் இந்த வண்டிகளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் பேசுகிறது. இங்கே கேள்வி சரிவு. வீட்டிலிருந்து கடல் வரை 27 கிலோமீட்டர், ஊரின் பெயரே அந்த எண்தான். தூரத்துக்கு நான் என்றைக்குமே பயந்ததில்லை.

8 ஜூலை
அம்மாவின் எடை 2.4 கிலோ கூடியிருந்தது, உடம்பில் தேங்கிய நீர். நர்ஸ் என்னைத்தான் பார்த்தாள்.

10 ஜூலை, வியாழன்
ஷோரூம். "உச்சியில் 100 சதவீதம் இருந்தால் இறக்கத்தில் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "எல்லாம் ஆட்டோமேடிக், மதாம்" என்றான். இரண்டாவது தடவையும் அதையே சொன்னான். கேட்டவள் பெண் என்பதாலா, அவனுக்கே தெரியாததாலா? வீட்டுக்கு வந்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையைத் தேடி வாசித்தேன். உண்மையான ஓட்டத்தில் பிளக்-இன் வண்டிகள் வெளிவிடும் கரியமில வாயு, சோதனைக்கூடக் கணக்கைப் போல சராசரி மூன்றரை மடங்கு. சார்ஜ் போடாமலே ஓட்டுகிறவர்கள் நிறைய. நான் போடுவேன். ஆனாலும் இந்த மேடு எனக்கும் அதைத்தான் செய்யும்.

12 ஜூலை, சனி
பிளக்-இன்னை ஒரு நாளைக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். வழியில் தாம்போன் ஊர் வரை சத்தமே இல்லை. அம்மா ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். பத்தொன்பதாவது தாண்டியதும் பேட்டரி தீர்ந்து இன்ஜின் அலறிக்கொண்டு எழுந்தது. இருக்கை வழியாக நடுக்கம் ஏறியது. "பையக் குடு" என்றாள். ரொட்டிக் கடைக் காகிதப் பைதான் கைக்குக் கிடைத்தது. இருபத்து மூன்றாவதில் ஓரமாக நிறுத்தி, நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவிவிட்டு வந்த உடம்பு, ஜில்லென்று இருந்தது. "வண்டி அவுங்களுது, பாத்துடி" என்றாள். அந்த நிலையிலும்.

13 ஜூலை
அண்ணனுக்குச் சொல்லவில்லை.

17 ஜூலை, வியாழன்
டயாலிசிஸ் நர்ஸ் எங்கள் ஊர்க்காரி. தன் பெஜோ இ-208-ஐ ஒரு நாளைக்குக் கொடுத்தாள். முழுக்க மின்சாரத்தில் ஓடும் வண்டி. "மேலே 100 ஏற்றாதே, 80-இல் பிடுங்கிவிடு" என்றாள். ஷோரூமில் ஒருவருக்கும் வராத ஒரு வாக்கியம்!

80-இல் கிளம்பினேன். காலை எடுத்தாலே வண்டி தானாக அடங்குகிறது. முதல் சில வளைவுகளில், குளிருக்கோ என்னவோ, பிடி கொஞ்சம் இளகித்தான் இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. தீய்ந்த வாசனை இல்லை. கீழே வந்து பார்த்தால் 86. ஓட்டியதற்குக் கூலி கொடுத்த மாதிரி. மேலே ஏறி வீட்டு வாசலில் 62. போய்வர 18. அம்மா பதினான்காவதில் தூங்கியவள் வாசலில்தான் கண் விழித்தாள்.

20 ஜூலை
18 சதவீதம் என்றால் எட்டு யூனிட் சொச்சம். வீட்டு பிளக்கே நாலைந்து மணி நேரத்தில் ஏற்றிவிடும். பெரிய சார்ஜர் எதற்கு?

22 ஜூலை, செவ்வாய்
எதற்கென்று இன்று தெரிந்தது. பிளக் தாங்குமா என்று, வண்டிக்குப் பதிலாக கராஜ் பிளக்கில் ஹீட்டரை மூன்று மணி நேரம் போட்டு வைத்துப் பார்த்தேன். பிளக் தொட முடியாமல் சுட்டது, சுவர்ப் பூச்சு மஞ்சளாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்கிறார். வாடகை வீடு. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ.

24 ஜூலை
கரும்பு லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம். சக்கை எரித்தும் இங்கே மின்சாரம் வருகிறது. லெ கோல், புவா ரூஜ் நிலையங்கள் நிலக்கரியை விட்டு மரத்துகள் கட்டிகளுக்கு மாறிவிட்டன, ஆனால் அதுவும் கப்பலில்தான் வருகிறது. தீவில் எதுதான் கப்பலில் வரவில்லை, நாங்களும் சேர்த்து.

29 ஜூலை
புயல் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது. 62-இல் நிற்கும்போது மின்சாரம் போனால் மூன்று தடவை போய்வரலாம், அதாவது ஒரு வாரம். அதற்குள் கீழே எங்காவது கரண்ட் வந்துவிடும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே 100 ஏற்றி வைக்கலாம். ஏற்றினால் மறுநாள் அந்த இறக்கம், நிறைகுடம், ஈரச் சாலை. ஹீட்டரைப் போட்டுக்கொண்டே இறங்கினால் கொஞ்சம் இடம் பிறக்குமா? நர்ஸிடம் கேட்க வேண்டும்.

1 ஆகஸ்ட்
மாதம் பிறந்தால் அரசு அறிவிக்கும் பெட்ரோல் விலையைப் பார்க்கிற வழக்கம். இன்று பார்க்கவில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்
வீட்டுக்காரர் சரி என்றார்! லைன் செலவு என்னுடையது. வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார். அம்மாவிடம் சொன்னேன். "அந்தத் தூங்குற வண்டியா?" என்று கேட்டாள்.

8 ஆகஸ்ட்
எலக்ட்ரீஷியன் வரவில்லை. திங்கள் என்கிறார்.

9 ஆகஸ்ட், சனி
ஐந்து மணிக்கு விரல் வைத்தேன். அதிர்வு இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். டீசல் வண்டி பிடிக்கவில்லை, நர்ஸுக்குப் போன் செய்திருக்கிறேன், வண்டியோடு வருகிறாள். எத்தனை சதவீதத்தில் நிற்கிறதோ